அனிதாவின் இருபத்தேழாம் மாசம்

அண்ணாதுரைக்கு ‘ஓடு’ என்ற சொல் மறந்துபோன செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் வீட்டில் யாராலும் ஓட முடியவில்லை. பூனை துரத்தியபோது கோழி நடந்துதான் போனது, பூனையும் நடந்துதான் போனது. ஒரு ராத்திரி அங்கே படுத்தவர்களையும் அது விடவில்லை. விருந்துக்கு வந்துபோன மைத்துனர் செந்தில்குமார் சிறுவாச்சூரில் இன்றைக்கும் புறப்பட்ட பஸ்ஸின் பின்னால் நடக்கிறார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்குமுன் ‘ஓடுங்க, ஒதுங்குங்க’ என்று முப்பது வருஷம் கத்திய மனிதர் அண்ணாதுரை. பெரம்பலூர் டாக்டர் அவர் கை நடுக்கத்தைப் பார்த்து, “பார்க்கின்சன்மா. பேரெல்லாம் நிக்கும். செய்யுற வேலைக்கான சொல்லுதான் முதல்ல நழுவும்” என்றார். நழுவியது. ‘குதி’ போனது. ‘நறுக்கு’ போனபின் கத்தரிக்காய் முழுசாகவே வெந்தது. சரி தொலையட்டும் என்று மனைவி உண்ணாமலை இருந்துவிட்டாள்.

அங்கேதான் தப்பு செய்தாள். குரும்பலூரில் கட்டிக்கொடுத்த மகள் அனிதாவுக்கு ஏழாம் மாசம். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைக்காவிட்டால் சம்பந்தி முகத்தில் முழிக்க முடியுமா? “நான் இங்கயே இருந்துக்கறேம்மா” என்று அனிதா கெஞ்சினாள். “வாயை மூடுடி, ஊரே காறித் துப்பும்” என்று வளையல் போட்ட கையோடு அவளைக் காரில் ஏற்றினாள் உண்ணாமலை. ‘பிற’ என்பதும் ஒரு சொல்தானே என்று அந்த மகராசிக்குத் தோன்றவேயில்லை.

ஒன்பதாம் மாசம் ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி அண்ணாதுரை மகளைப் பார்த்து, “அனிதா... தை மாசம்... பாப்பா...” என்று நிறுத்தினார். உண்ணாமலைக்கு அப்போதுதான் உறைத்தது.

“பிறக்கும்னு சொல்லுங்க! ஐயோ, ஒரு தடவை சொல்லுங்க!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் உதடு ஆடியது. சொல் வரவில்லை.

தை போனது, மாசி போனது, வலி வரவில்லை. ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள், கத்தி வைத்த இடத்தில் கீறல்கூட விழவில்லை. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த மாசம் வரச் சொன்னார். சம்பந்தி வீட்டார் ஆறு மாசம் சண்டை போட்டார்கள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பூவும் பழமுமாக வந்து பார்த்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

இது இருபத்தேழாம் மாசம். ஸ்கேனில் பாப்பாவுக்குப் பல் வரிசையாகத் தெரிகிறது. அண்ணாதுரையிடம் செய்யுற வேலைக்கான சொல் நாலைந்துதான் மிச்சம். தினமும் விடிந்ததும் உண்ணாமலை அவர் எதிரே உட்கார்ந்து, “பாப்பா என்ன பண்ணுதுங்க?” என்று கேட்கிறாள். அவர் நெற்றி சுருங்குகிறது. அடுத்த அறையில் அனிதா வயிற்றில் கையை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

“உதைக்குது” என்கிறார் அவர், வெகுநேரம் கழித்து.

உள்ளே பாப்பா உதைக்கிறது. அப்புறம்தான் உண்ணாமலை காபி போடப் போகிறாள்.