ஆறு வருஷத் தூசி

சீமைச்சுண்ணாம்புப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்த மைமூன், வண்டியிலிருந்து இறக்கிய பீரோவைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டாள். கதவில் செதுக்கிய மயிலுக்கு ஒரு கண் கிடையாது. அது போதும் அவளுக்கு. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி சௌந்தரபாண்டியன் வீட்டுப் பீரோ. மகளுக்குச் சீராக ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறதாம், பழைய பாலீஷைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம். கூட வந்த காரியக்காரர், "உங்களை விட்டா இந்தப் பக்கம் ஆளு யாரு இருக்கா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் மறந்துவிட்டது அவர்களுக்கு. செய்தவர்களுக்கு மறதி சீக்கிரம் வந்துவிடுகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு ஊஞ்சல் பலகைக்குப் பாலீஷ் போடப் புருஷன் பிச்சை முகம்மதுவோடு போயிருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்காரி குருவம்மாளின் சிவப்புக்கல் தோட்டில் ஒன்றைக் காணவில்லை. வேற்றாள் யார் வந்தது என்று கேள்வி எழுந்தது, எல்லாக் கண்ணும் மைமூன் பக்கம் திரும்பியது. முற்றத்தில் நிற்கவைத்து, கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, சேலையை உதறச் சொன்னார்கள். சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் முப்பது பேர். தோடு விழவில்லை. அதனால் என்ன, எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்று முடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு ராஜபாளையத்தில் ஒரு வீட்டிலும் அவளை வாசல்படி ஏற விடவில்லை. இருவரும் சட்டிபானையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது அதே வீட்டு மரம் அவள் கைக்குக் கீழே கிடக்கிறது. சும்மா விடுவாளா?

தேக்கு, பொடிப்பொடியாகத் துளை விட்ட மரம். அந்தத் துளைகளை அடைக்காமல் அரக்கைப் பூசினால், எத்தனை பூச்சு பூசினாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், முகம் பார்க்கிற பளபளப்பு வராது. அடைக்கிற சுண்ணாம்பில் மரத்தின் நிறத்துக்குத் தக்கபடி காவி கலக்க வேண்டும். கலக்காமல் அடைத்தாலும் எண்ணெய் ஈரத்தில் ஒன்றும் தெரியாது. எண்ணெய் காயக் காயத் துளைக்குத் துளை வெள்ளை பூத்து, பீரோ கிழடு தட்டிப்போகும். மைமூன் காவிக் கிண்ணத்தைக் காலால் ஒதுக்கி வைத்தாள். புதுப்பெண் வீட்டுச் சீர் ஒரு வருஷத்தில் நரைக்கட்டும். நினைக்கவே வயிறு குளிர்ந்தது.

இழுப்பறையை முழுசாக உருவித் திருப்பினபோதுதான் அதைப் பார்த்தாள். பின்பலகையும் அடிப்பலகையும் சேருமிடத்தில் ஒரு வெடிப்பு. அதில் திருகாணி இறுகச் சிக்கி, வெளிப்பக்கமாக நின்றது தோடு. மேலே ஒட்டடை பின்னி, தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. அதற்கு நடுவே ஒரு பொட்டுச் சிவப்பு.

மைமூன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதை உருவிப் பார்க்க ஒருத்திக்குமா தோன்றவில்லை? ஆள் கிடைத்துவிட்ட பிறகு பொருளை யார் தேடப்போகிறார்கள்! அழுகை வந்தது, பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. எடுக்கக் கை நீட்டினவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தத் தூசி கலைந்துவிடக்கூடாது என்று மூச்சைக்கூட வேறு பக்கம் விட்டாள்.

பிறகு எழுந்து, ஒதுக்கின காவியை எடுத்துச் சுண்ணாம்பில் போட்டுப் பிசைந்தாள். நரைக்கிற பீரோ இனி எதற்கு?

முன்பலகையைச் சணல் துணியால் குறுக்குவாட்டில் தேய்த்துத் துளை அடைத்தாள். இரண்டு நாள் காயவிட்டு, அரக்குப் பூச்சைத் தொடங்கினாள். தொழில் தெரிந்த யாரும் செய்யாத காரியம் ஒன்றையும் செய்தாள். இழுப்பறையின் இரண்டு பக்கப் பலகைகளுக்கும், அவை உரசுகிற சட்டங்களுக்கும் பூசினாள். ஒன்றல்ல, ஐந்து பூச்சு. பின்பலகையைத் தொடவே இல்லை.

பிச்சை முகம்மது தடவிப் பார்த்தவுடனே கண்டுகொண்டான்.

"ஏட்டி, பக்கத்துக்கு எதுக்குப் போட்ட? மழை விழுந்தா இறுகிக்கிடும். இழுத்தா வராது."

"வரக்கூடாது. அம்புட்டுப் பேரும் பாக்க அந்தக் குருவம்மா மல்லுக்கட்டி உருவணும்."

இழுப்பறையைத் திருப்பிக் காட்டினாள். அவன் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்துருவோம் மைமூன். உம்மேல இருக்க பழி போயிரும்."

"நம்ம கையால குடுத்தா, அன்னைக்குக் களவாண்டவ இன்னைக்குப் பயந்து குடுத்துட்டான்னு சொல்லுவாவ. இந்தத் தூசி மேல என் கை படலை, மச்சான். படவும் கூடாது."

"இழுப்பறை வரலைன்னா ஊரே சிரிக்கும். தொழில்ல எம்பேரு என்னத்துக்கு ஆகும்?"

"எம்பேரு போயி ஆறு வருசமாச்சு."

அவன் உப்புத்தாளை எடுத்தான். பக்கப்பலகையில் வைத்துத் தேய்க்கப் போனான். மைமூன் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அந்த முற்றத்தில் தானும் நின்றதும், வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்ததும் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உப்புத்தாளைக் கீழே போட்டான். துணிப்பந்தை அரக்கில் தோய்த்து, ஆறாவது பூச்சைத் தானே பூசினான்.

ஐப்பசியில் கல்யாணம். பீரோ போய்ச் சேர்ந்த அன்றிலிருந்து நான்கு நாள் விடாத மழை. கைவேலைக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க மாப்பிள்ளை வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். மைமூன் முற்றத்து ஓரமாகப் போய் நின்றாள். ராஜபாளையத்திலிருந்து சீர்த்தட்டு ஏந்தி வந்த பெண்களில் பாதி முகம் அவளுக்குத் தெரிந்த முகம்.

சீர்ச்சாமானைத் திறந்து பார்ப்பது மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் பாத்தியதை. மாப்பிள்ளையின் அம்மா பளபளப்பைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தாள். இழுப்பறையின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"என்ன மதினி, தொறக்காத பீரோவையா எம்மவனுக்குக் குடுத்துருக்கிய?"

கூட்டம் சிரித்தது. மைமூனுக்குப் பக்கத்தில் பிச்சை முகம்மது தலையைக் குனிந்துகொண்டான். குருவம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. "மழைக்கு இறுகியிருக்கும், நவுருங்க" என்று முன்னால் வந்து, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்தாள். அசையவில்லை. காலைப் பீரோவின் அடிச்சட்டத்தில் கொடுத்து, பல்லைக் கடித்து ஒரே இழுப்பு.

இழுப்பறை முழுசாகப் பிய்த்துக்கொண்டு வந்து, முன்பலகை கீழாகத் தரையில் குத்தி நின்றது. பின்பலகை மேலாக, கூட்டத்தின் கண்ணுக்கு நேரே இருந்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராஜபாளையத்துக்காரி ஒருத்திதான் குனிந்தாள். ஒட்டடையை விரலால் விலக்கினாள்.

"ஏ குருவு, இது உன் தோடுல்லா?"

சிரிப்பு நின்றது. குருவம்மாளின் கை தானாகக் காதுக்குப் போனது. கண்கள் கூட்டத்துக்குள் யாரையோ தேடின.

மைமூன் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றாள். கொண்டையை அவிழ்த்து விட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எல்லோரும் பார்க்க, ஒருதரம் உதறினாள்.