கோலப்பொடியில் எங்கள் தெரு

1

என் மனைவி செவ்வந்தி ஒரு மாலையில் தரையில் வரைந்த படத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. (கதை என்பதால் சில இடங்களில் பொய் இருக்கும். அவளுடைய இருமலில் இல்லை.)

தொடக்கம்: 'தொண்ணூற்றாறாம் ஆண்டு, தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதிக் கரையில்...' வேண்டாம். அரசாங்க அறிக்கை போலிருக்கிறது.

வேறொன்று: வெயில் தாழ்ந்திருந்தது. எங்கள் காலனிப் பெண்கள் ஊரையே கோலப்பொடியால் வரைந்துகொண்டிருந்தார்கள்.

2

காசநோய் மாத்திரையை ஊருக்குள், நிலத்துக்காரரான பண்ணாடியின் வீட்டுக்குப் பக்கத்தில் கொடுத்தார்கள். நேரில் போய் விழுங்க வேண்டும். செவ்வந்தியால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. காலனியில் நோயாளிகளே இல்லையென்று மேலதிகாரிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த வீட்டில் நோய் என்று நீங்களே வரைந்து காட்டினால் மாத்திரையை இங்கேயே கொண்டுவரலாம் என்றார் டாக்டர் பாலகோபால்.

செவ்வந்தி பண்ணாடியின் மாடிவீட்டைத் தீப்பெட்டியளவு வரைந்தாள்.

"பாத்தா கோவிச்சுக்குவாரு அம்மணி" என்றாள் பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள்.

"நம்ம ஊட்டை அவரு வரைஞ்சா எந்த அளவுல போடுவாருங்கக்கா?"

சிரித்தார்கள். நோயுள்ள வீட்டில் அடையாளம் வைக்க டாக்டர் சொன்னதும் சிரிப்பு நின்றது.

செவ்வந்தி வேப்பங்கொத்தை ஒடித்தாள். "அம்மை கண்டா வாசல்ல வேப்பல சொருகி ஊருக்கே சொல்றமுங்க. இதுக்கு மட்டும் எதுக்குக் கதவைச் சாத்தறோம்?"

படத்தில் எங்கள் வாசலில் ஓர் இலையை வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து இலை வைத்தார்கள்.

3

வள்ளியாத்தாளின் கணவருக்கும் இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. இலை அவள் கையிலேயே இருந்தது.

"நாளைக்கு எம்புள்ளையப் பொண்ணு பாக்க வாராங்க அம்மணி. கேள்விப்பட்டா அப்படியே திரும்பிருவாங்க."

(முந்தைய படியில் இவளைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கும் ஒரு மகள் இருந்திருந்தால்...)

அப்போது செவ்வந்திக்கு இருமல் வந்தது. நான் அவளைத் தாங்கிக்கொண்டேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழுந்தது. பொடி கலைந்து தெரு மிதந்தது. இலைகள் சின்ன மீன்களைப் போல வாசலுக்கு வாசல் நகர்ந்தன. இப்போதும் கண்ணை மூடினால் நகர்கின்றன.

நான் நிமிர்ந்தபோது படத்தில் வள்ளியாத்தாளின் வாசலில் ஓர் இலை கிடந்தது. அவள் கை காலியாக இருந்தது.

4

மாத்திரை காலனிக்கு வந்தது. செவ்வந்தி அதற்குள்

இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை உட்கார்ந்துவிட்டேன். அதனால் கதையை அந்த மாலையிலேயே நிறுத்திவைக்கிறேன்.

பாலகோபால் குனிந்து அந்த இலையைப் பார்க்கிறார். "இது நீங்க வெச்சதுங்களாம்மா, காத்துல வந்ததுங்களா?"

வள்ளியாத்தாள் செவ்வந்தியைப் பார்க்கிறாள். செவ்வந்தி இருமலை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. நீங்கள் சொல்லும்வரை அவள் காத்திருப்பாள்.