எவ்வளவு குடித்தீர்கள்?

வெல்டிங் பட்டறையில் தேநீர் இடைவேளை. இரும்புச் சட்டத்தின் மேலிருந்த கைப்பேசி கணீரென்று கேட்டது: "இன்று எவ்வளவு குடித்தீர்கள்?"

பட்டறையே சிரித்தது. "டேய் முழுபாட்டிலு, ஃபோனுக்கே தெரிஞ்சு போச்சுடா!"

வெல்டர் குடியை விட்டுப் பல வருடங்களாகின்றன. பட்டப்பெயர்தான் அவரை விடவில்லை. திருந்தியவனைத் திருந்தியவன் என்று சொன்னால் ஊருக்கு வாய் வலிக்குமோ என்னவோ! அவர் தலையைக் குனிந்தபடி கையுறையைக் கழற்றி, 'எதுவும் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினார். பிறகு, அனல் தாங்காமல் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று இறக்கினார்.

இறக்கக் கூடாத தண்ணீர் அது. அவருக்குச் சிறுநீரகம் பழுது. அளவுக்கு மேல் உள்ளே போனால் வெளியேற வழியில்லை. அந்த அளவைக் கணக்கு வைக்கத்தான், செயலிகள் வடிவமைக்கும் அவருடைய தங்கை இந்தச் செயலியைச் செய்து, முதல் ஆளாக அண்ணனுக்கே போட்டுக் கொடுத்திருந்தாள்.

"அந்தக் கேள்விய மட்டும் மாத்தும்மா, மானம் போகுது" என்று அவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"ஒரு வார்த்தைதானேண்ணா! எங்க ஆபீஸ்ல எல்லாரும் நல்லாருக்குன்னாங்க."

அத்தோடு சரி. அண்ணன் அழுத்தும் பதில் அவள் கைப்பேசிக்கும் வரும்; அந்தத் திரையில் பச்சைக் கோடு தெரிந்தால் அண்ணன் நலம் என்று இருந்துவிட்டாள். நேரில் விசாரிப்பதும் நின்றுபோயிற்று.

அன்று மாலை வெல்டர் மூச்சுத் திணறிப் பட்டறையிலேயே சுருண்டு விழுந்தார். அவசரப் பிரிவுக்குத் தங்கை ஓடி வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"சத்தியமா... குடிக்கல..."

"பாருங்க டாக்டர், எல்லாம் பச்சை!" தங்கை தன் திரையை நீட்டினாள்.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். "நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. தண்ணி அதிகமாப் போகலைன்னா இதயம்தான் காரணமா இருக்கணும். டயாலிசிஸா, இதய வார்டா? உடனே முடிவெடுத்தாகணும்."

அந்த நேரம் பார்த்து வெல்டரின் கைப்பேசி கேட்டது: "இன்று எவ்வளவு குடித்தீர்கள்?"

பக்கத்துக் கட்டிலருகே நின்ற பெண் முகம் சுளித்தாள். "குடிகாரன் போல."

உயிருக்குப் போராடும்போதும் வெல்டரின் விரல் நீண்டு, 'எதுவும் இல்லை'யை அழுத்தியது. தங்கையின் திரையில் கோடு பச்சையாக நீண்டது.

அவளுக்குச் சுரீரென்றது. "அண்ணா, தண்ணி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லும் சாராயக் கடை வரைக்கும் போய் வந்த சொல்தானே! குனிந்து அவர் காதோடு கேட்டாள்: "தாகத்துக்கு என்ன எடுத்துக்கிட்ட?"

அவர் கண் நிறைந்தது. "தண்ணி... சொம்பு சொம்பா... டீ... ஜூஸு..."

"டயாலிசிஸ்! சீக்கிரம்!" என்றார் மருத்துவர். கட்டில் உருண்டு ஓடியது.

மறுநாள் வெல்டர் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தங்கை அருகிலேயே உட்கார்ந்து செயலியின் கேள்வியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தைதானேம்மா?" என்றார் அவர் லேசாகச் சிரித்து.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த வார்த்தை உன்னைக் கொன்னிருக்கும்ணா. கூனிக் குறுக வைக்கிற கேள்விக்கு உண்மையான பதில் வராது. உன்னை நேர்ல வந்து கேக்காம, கோட்டைப் பார்த்து நிம்மதியா இருந்தேனே, நானும் உன் பட்டறைக்காரங்களும் ஒண்ணுதான்."

வாசலில் நின்ற பட்டறைக்காரர்கள் காதிலும் அது விழுந்தது. முன்னால் நின்றவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"எப்படி இருக்கே, முழு..." பாதியில் விழுங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார்:

"எப்படி இருக்கீங்க, மாஸ்டர்?"