காத்து நின்ற வினா

கதிரவன் மலைமுகட்டில் தலைசாய்த்து, பகலெல்லாம் சுமந்த வெயிலை ஆற்றின்மேல் இறக்கிவைத்துக்கொண்டிருந்த மாலைப்பொழுது. நூற்பாலையின் புகைபோக்கி அன்றைய கடைசி மூச்சைக் கருநிறமாய் விட, பண்டகசாலைத் தெருவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓய, பாலத்துக்கு அப்பால் நீண்டு கிடந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கூடத்தில் மட்டும் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழித்தன. நூல் பல கற்றவரே, அவ்வூரில் அந்நாள்வரை அரங்கென்று சொல்லிக்கொள்ள வேறிடம் இல்லை. ஆண்டுக்கொருமுறை அங்கே பயிற்சி மாணவர் நடிக்கும் நாடகமும் அழைப்புப் பெற்ற பெரியவர்க்கே உரியதாயிருக்க, ஊரார் பலகணிக் கம்பிகளில் முகம் பதித்து, பாதி மேடையையும் முழுக் கொசுக்கடியையும் பெற்று வீடு திரும்புவர்.

அவ்வாண்டு கதவுகள் ஊரார்க்கும் திறந்தது ஒருத்தியின் முயற்சியால். செங்கற்சூளையில் கல் சுமந்தவள். மகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்து, நாற்பதை நெருங்கும் அகவையில் அக்கல்லூரியில் இடம்பெற்றவள். உடன் பயில்வோர்க்கெல்லாம் அக்கா. ஊர் மக்கள் உள்ளே அமரட்டும், ஓசை எழாதிருக்க நான் பொறுப்பு என்று கல்லூரி முதல்வரிடம் அவள் உறுதி கூறினாள். ஒழுங்கைக் கண்ணின் மணியாய்க் காத்த அவ்வம்மையார் நெடிது எண்ணி, கூச்சல் கேட்டால் கதவு மட்டுமன்று, நாடகமே அன்றோடு மூடப்படும் என்று சொல்லி இசைந்தார்.

மேடையேறுமுன் அவள் மூட்டை தூக்கும் தன் கணவனைத் தனியே அழைத்து, அவனும் அவன் கூட்டாளிகளும் வாய் திறவாதிருக்க வேண்டுமென்று கெஞ்சினாள்.

"வீட்ல நீ பேசும்போது என்னைக்காவது வாயத் தொறந்திருக்கேனா? இங்க வந்தா தொறக்கப் போறேன்?" என்றான் அவன்.

ஆற்றை மறித்துத் தன் பூந்தோட்டத்துக்கு நீரைத் திருப்பிய மன்னன்முன், வயல் வறண்ட உழத்தியாய் வந்து அவள் வழக்குரைக்கும் காட்சி. "மன்னா, இந்த ஆறு யாருக்குரியது?" என்று கேட்டு, மறுமூச்சில் தானே விடையையும் முழங்கவேண்டும். ஆயின் ஈராண்டுப் பயிற்சி எலும்புவரை ஊறியிருந்தது. வினா எழுப்பியபின் நீயே விடை சொல்லிவிடாதே, கடைசி வரிசைவரை கண்ணோட்டிக் காத்திரு என்று நாள்தோறும் இடித்துரைக்கப்பட்ட அப்பழக்கம் அவள் அறியாமலே வந்து நாவைக் கட்டிற்று. அவள் காத்து நின்றாள். கண்கள் மன்னனை விட்டு, அவையின் வரிசைகளைக் கடந்து, கடைசிச் சுவர்வரை சென்றன. தம்மை ஒருவர் வினவி விடைக்காகக் காத்திருப்பதை வாழ்நாளில் கண்டறியாத மக்கள் அங்கே நெளிந்தனர். அவள் கணவன் எழுந்தான்.

"நம்ம எல்லாருக்கும்தான்."

கூடம் கொல்லென்று சிரித்தது. அச்சிரிப்பு அடங்குமுன் ஆளுக்கொரு விடை எழுந்து, மடை உடைந்ததுபோல் இரைச்சல் பெருகிற்று. தான் கொடுத்த உறுதி கண்ணெதிரே பொடியாவதையும், முன்வரிசையில் முதல்வர் எழுந்துவிட்டதையும் கண்டு அவள் கைகளை உயர்த்தி அமைதி வேண்டினாள். மன்னனாய் நடித்த இளைஞனோ, அவனும் ஆசிரியனாகப் பயில்பவனே ஆதலால், செங்கோலைப் பிரம்பாய் நீட்டி, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. பின்னாடி நிக்கிற அம்மா, நீங்க?" என்றான்.

இரைச்சல் அடங்கிற்று. நூற்பாலைப் பெண்ணொருத்தி மன்னன் முகத்தை நேரே பார்த்தாள்.

"நான் தெனமும் குடத்தத் தூக்கிட்டு மேடு ஏறுறேன். உன் தோட்டத்துப் பூவு ஒரு நாளாச்சும் தூக்கியிருக்கா?"

மன்னன் மெய்யாகவே தலைகுனிந்தான். முதல்வர் நின்றபடியே அப்பெண்ணை நோக்கியிருந்தார். நிறுத்தும் கட்டளையை எதிர்பார்த்து அக்கா மேடையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"உக்காந்தே பேசலாம்," என்றார் முதல்வர். "ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசணும்." பிறகு தாமும் அமர்ந்தார்.

எழுதிய அளவைக் கடந்து நீண்ட அந்நாடகத்தில், அணையைத் திறக்கச் செய்தவர் அவையோரே. வீடு திரும்பும் வழியில், வாய் திறவேன் என்றவர் ஏன் திறந்தீர் என்று அவள் கேட்டாள்.

"நீ கேட்ட. கேட்டுட்டு நின்ன. பதில் சொல்லாம எப்படி இருக்கறது?" என்றான் கணவன்.

அதன்பின் அக்கதவுகள் எந்த ஆண்டும் ஊரார்க்கு அடைக்கப்படவில்லை. அங்கே பயின்று சென்றவர்கள் தத்தம் பள்ளிகளில் மேடை கட்டினர். அம்மேடைகளிலும் நடிப்போர் வினவியபின் காத்து நிற்க, அவை விடை தந்தது. வெளியூர்க் குழுவினர் வந்து திகைப்பதும், திகைத்துப் பின் மகிழ்வதும் இன்றும் உண்டு. பேசத் தெரியாதவரென்று உலகம் எண்ணியிருப்போரிடம் ஒரு வினாவை வைத்துச் சற்றே பொறுத்திருப்பின், அவர் நெஞ்சில் நெடுநாள் நின்ற சொல் தானே புறப்பட்டு வரும். பொறுத்திருப்போர்தாம் இன்னும் சிலராய் உள்ளனர்.