மேனேஜரை மாற்ற ஆளுக்கு இருநூற்று எழுபது

நான்காயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். எங்கள் வானவில் கால்பந்துக் குழு அதன் மேனேஜர் நல்லசாமிக்குத் தரவேண்டிய பாக்கி அது. பதினைந்து பனியனுக்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது, ஒரு பந்துக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போட்ட காசு. கணக்கு நோட்டு என்னிடம் இருந்ததால் மறக்க வழியில்லை.

மேனேஜர் என்றால் கார் வந்து ஏற்றிப்போகும் ஆள் இல்லை. சுரங்கத்தில் என்னைப்போல் அவரும் கான்ட்ராக்ட். கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை இரண்டு பேரும் அள்ளித் திரும்பப் போடுகிறோம். எங்கள் ஆட்டக்காரர்களும் அப்படிப்பட்டவர்கள்தான், ஆளுக்கொரு ஷிப்ட். வாரம் முழுக்க போன் போட்டு, இவன் ஷிப்டை அவனுக்கு மாற்றி, சூப்பர்வைசரைக் கெஞ்சி, ஞாயிறு காலையில் பதினொரு பேரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் மேனேஜர் என்று பெயர்.

அந்த ஞாயிறு வடலூர்க்காரர்களிடம் ஐந்து கோல் வாங்கினோம். வரிசையாக ஆறாவது தோல்வி. எங்கள் கோல்கீப்பர் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவன். மூன்றாவது கோல் உள்ளே போகும்போது கம்பத்தில் சாய்ந்திருந்தான்.

ஆட்டம் முடிந்து மந்தாரக்குப்பம் டீக்கடையில் கூடினோம். குழுவுக்கு ரசிகர்கள் என்று இருப்பது நாங்கள் பதினெட்டுப் பேர். முதலில் ஆரம்பித்தவர் தெய்வசிகாமணி. பெர்மனென்ட் வேலையில் இருந்து ரிடையர் ஆனவர்.

"மேனேஜர மாத்தணும்யா. பாதி ஆட்டத்துல அருண்ராஜ எதுக்கு வெளிய கூப்டாரு? அவன் ஒருத்தன்தான் ஓடிகினு இருந்தான்."

"ஓவர்டைமுக்குக் கூப்ட்டாங்களாம். போவலன்னா நாளைக்கு உள்ள வுடமாட்டாங்க, கேட்டுலயே நிக்கணும்" என்றேன்.

"கோல்ல நின்னவன் தூங்கறானே, அதுக்கு இன்னா சொல்ற?"

"தூங்கறவனக் கம்பத்துல கட்டி வெக்க மேனேஜர் எதுக்கு? கயிறு போதும்" என்றான் சிலம்பரசன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாற்ற வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார் தெய்வசிகாமணி. பதினெட்டுக் கையும் மேலே போனது. என் கையும்தான். தோற்றுத் தோற்று எனக்கும் அலுத்துவிட்டது. பிறகுதான் நோட்டைப் பிரித்தேன்.

"ஆள அனுப்பறதுன்னா பாக்கியக் குடுத்து அனுப்பணுங்க. ஆளுக்கு இருநூத்தி எழுவது."

கைகள் இறங்கின. ஒருவன் டீக்கிளாசைக் கழுவப்போவதுபோல் எழுந்து போனான். என் சட்டைப் பையில் முந்நூறு இருந்தது. நானும் எடுக்கவில்லை.

"ஆறு ஆட்டத்துல ஒரு மனுசன எடை போட முடியுமா?" என்றார் தெய்வசிகாமணி. "அடுத்த வருசம் வரைக்கும் பாக்கலாம்."

"இப்பதான மாத்தணும்னீங்க?"

"மாத்தணும்னுதான் சொன்னன். இன்னிக்கே மாத்தணும்னா சொன்னன்?"

அப்போது நல்லசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் பந்தும் வேர்வைப் பனியன் மூட்டையும். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"பேசி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டம் மேனேஜர். நீங்களே இருங்க" என்றார் தெய்வசிகாமணி, பெரிய மனது பண்ணியதுபோல.

நல்லசாமி கண்ணைத் திறந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் தொங்கிப்போனது.

"அட போங்கப்பா. இன்னிக்காவது மாத்திடுவீங்கன்னு நம்பிகினு வந்தன். ஆறு நாள் கரி அள்றன், ஏழாம் நாள் ஒங்களோட மல்லுக்கட்டறன். என்னால முடியல."

"அப்ப நீங்களே வுட்டுப் போயிருக்கலாமே?" என்றான் சிலம்பரசன்.

"நானாப் போனா பாக்கி போச்சு. நீங்க அனுப்பினா குடுத்தாவணும். அதுக்குத்தான் காத்துகினு இருந்தன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அது எம் பொஞ்சாதி தனம் மகளிர் குழுவுல கடன் வாங்கிக் குடுத்த காசு. இட்லி வித்து அவளே கட்டி முடிச்சிட்டா. காலையில கெளம்பறப்பக் கேட்டன். 'காசு வந்தா வருது, போனாப் போவுது, ஞாயித்துக்கெழமைய வாங்கிகினு வூட்டுக்கு வா'ன்னா."

அவர் போன் அடித்தது. அருண்ராஜ். அடுத்த வாரம் தன் ஷிப்டை யாரோடு மாற்றிக்கொள்வது என்று கேட்டிருப்பான்.

"இனிமே சிகாமணி அண்ணனக் கேளுப்பா" என்று வைத்துவிட்டார். தெய்வசிகாமணி செருப்பைத் தேடத் தொடங்கினார்.

நல்லசாமி கேரியரிலிருந்து பந்தையும் மூட்டையையும் அவிழ்த்துப் பெஞ்சில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கலியா, பாக்கி இல்லன்னு எழுதிக்க."

வெட்கமாக இருந்தது. பையில் இருந்த முந்நூறை எடுத்தேன். "என் பங்க மட்டுமாவது புடிங்கண்ணே. மத்ததக் கொஞ்சம் கொஞ்சமா..."

"நீ குடுப்ப. மத்த பதினேழு பேருகிட்ட யாரு வசூல் பண்ணிகினு திரியறது? அதுவும் மேனேஜர் வேலதாண்டா."

காசை வாங்காமல் சைக்கிளில் ஏறினார். நான் நோட்டை மடியில் வைத்து, நான்காயிரத்து எண்ணூற்று அறுபதின் மேல் கோடு போட்டேன்.