உதாரணத்துக்குப் பருத்தி

பக்கத்துல வந்து உக்காருங்க கண்ணுகளா, இடைசெவல் அமுதவள்ளி கதையைச் சொல்லுதேன்.

ஏ.ஐ. ஏஜென்ட் தானாகவே பிரௌசரைத் திறந்து விண்ணப்பம் நிரப்புமில்லையா, அதற்கு வழிமுறை எழுதுவதுதான் அவள் வேலை. "பயிரின் பெயரைப் போடு, உதாரணத்துக்குப் பருத்தி" என்று எழுதியிருந்தாள். எழுதினது சரிதானா என்று பார்க்க, விண்ணப்பிக்கக் கடைசி நாளில் அப்பாவின் பயிர்க் காப்பீட்டையே அதனிடம் கொடுத்தாள். அது உதாரணத்தையே நிரப்பி அனுப்பிவிட்டது. அவர் விதைத்த காட்டில் நின்றதோ உளுந்து. திருத்த வழியில்லை, உதவி எண்ணை யாரும் எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா தாயி?" என்றார் அப்பா கருத்தையா.

"பருத்தின்னு போயிட்டுப்பா."

"எழுதிக் கொடுத்தது நீதானட்டி, நீ சொன்னா அது கேக்காதா?"

"கேட்டுத்தாம்பா இந்த வினை."

இனி மழை பேய்ந்து கெட்டாலும் காய்ந்து கெட்டாலும் அந்த உளுந்துக்கு நாதியில்லை.

உங்க வீட்டுக்கு அப்படி ஒரு நாள் வராம, விளைஞ்சதெல்லாம் முழுசா வீடு வந்து சேரட்டும், மக்களே.