செல்லாத பதினேழு சீட்டுகள்

அனிசே டெப்ரூயினிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் காரியதரிசியாக இருந்தேன். நாட்டின் வடக்கே எங்கள் இரும்பாலை ஊருக்கு அவர் மேயர், தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர். நடுவில் பதினெட்டு மாதம் மந்திரி. பள்ளி வாத்தியாராக இருந்தவர், சோசலிஸ்ட் கட்சிக்காக வீடு வீடாக நடந்து நல்ல பெயர் சேர்த்தவர். ஆலையை மூடும் திட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னது கட்சி. தூக்கினார். பெயர் அன்றோடு நாறிப்போனது.

தொண்ணூற்று மூன்று, மார்ச். நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவுக்கு முந்தின வியாழக்கிழமை விழா மண்டபத்தில் விசிலடித்தே அவரைப் பேச விடவில்லை. உலையில் வேலை செய்து செத்தவனின் மனைவி லூசியேன் எழுந்து நின்றாள்.

"எங்க வயித்துல அடிச்சிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே, அனிசே?"

"திட்டுங்க, வாங்கிக்கறேன். வாயால சொல்ல முடியாதவங்க எழுதியாவது குடுங்க. ஆனா ஞாயித்துக்கிழமை வராம மட்டும் இருந்துடாதீங்க!"

முதலில் கைதட்டியவள் நான்தான். அந்தக் கையை வெட்டிப் போடலாம்.

ஞாயிறன்று ஊரே வந்தது. வேட்பாளராக இருந்தாலும், மேயர் என்பதால் முதல் வாக்குச்சாவடிக்குச் சட்டப்படி அவரே தலைவர். வேட்பாளர் பெயர் அச்சிட்ட சீட்டை உறையில் வைத்துப் பெட்டியில் போடுவதுதான் எங்கள் ஓட்டு. ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். உறைகளைப் பிரித்து நான் பெயர்களை உரக்கப் படித்தேன். ஐந்தாவது உறையைப் பிரித்தேன். அவர் பெயர் அச்சிட்ட சீட்டு. அதன் கீழே பென்சிலில்: "துரோகி. ஆனாலும் நம்மாளு."

சீட்டில் ஒரு கோடு கிழித்திருந்தாலும் செல்லாது. எத்தனையோ தேர்தல்களில் எதிராளியின் சீட்டுகளை அப்படித் தள்ளிவைத்தவரே அவர்தான்.

"பென்சில்தானே, அழிச்சுடலாமே," என்று அவர் காதில் சொன்னேன்.

"வாய மூடு, கிலேன்."

அப்படிப் பதினேழு வந்தன. "கோபம் தீரல, ஓட்டு உனக்குத்தான்." "என் மகனுக்கு வேலை எங்கே? தைரியமா இரு." ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, செல்லாது என்று அவரே கையெழுத்துப் போட்டார். எதிர்க்கட்சி ஆளான மருந்துக்கடைக்கார மாலே, வாய்த்துடுக்குக்குப் பெயர்போனவர், அன்று தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த உறையைப் பிரித்தேன். என்ன செய்ய முடியும்?

ஏழரைக்குத் தொகுதி முழுக்கணக்கும் தொலைபேசியில் வந்தது. பதினோரு ஓட்டில் தோல்வி.

வெளியே சதுக்கத்தில் யாரும் கலையவில்லை. லூசியேன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் கோட்டைப் பிடித்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"எந்தப் பாவி உன்ன கவுத்தான்னு தெரியல. நான் உனக்குத்தான் போட்டேன். எழுதியும் வெச்சேனே, படிச்சியா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"படிச்சேன், லூசியேன். எல்லாத்தையும் படிச்சேன்."

"அது போதும்," என்றாள் அவள்.